அரை மில்லி

"இந்த நாப்பது பின்னையும் ஓகே சொன்னது யாரு?"

இன்ஸ்பெக்‌ஷன் மேடம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது, பயிற்சிக்கு வந்த மாணவிக்கு. மேஜைமேல் தட்டு நிறைய இரும்பு பின்கள். எண்ணெய் ஈரம் காயாமல், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன.

"நான்தான் மேடம். மெஷின்ல இருந்து வந்த மொத பீஸை நான்தான் அளந்தேன். சரியா இருபது மில்லிமீட்டர்னு படிச்சுச் சொன்னேன்."

"இப்ப அளங்க."

அவள் மைக்ரோமீட்டரை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு பின்னை அதன் வாயில் வைத்து மெல்லத் திருகினாள்.

"பத்தொம்பதரை மேடம்."

"அரை மில்லி கம்மி. இது பம்புக்குள்ள போனா ரெண்டே நாள்ல ஆட்டங் கண்டுரும். அரைக்கோடு எது, முழுக்கோடு எதுன்னு பிரிச்சுப் பார்க்கணும்னு மொத நாளே சொல்லித் தந்தேனா இல்லையாம்மா?"

"சொல்லித் தந்தீங்க மேடம்."

கூட வந்திருந்த லேத் ஆபரேட்டர் தொண்டையைக் கனைத்தார். "தப்பு எம்மேலயும் இருக்கு மேடம். மெஷின்ல நம்பரை மாத்தி அடிச்சது நான். நேத்து ஷிப்டு முடியற அவசரத்துல, நம்ம காலேஜ் அளந்து சொன்னாச் சரியா இருக்கும்னு நானும் அளக்காம விட்டுட்டேன்."

"உங்களுக்குத் தனியா மெமோ வரும்ணே. கவலைப்படாதீங்க."



அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தலைமுடி கனம் பிசகினாலும் திருப்பி அனுப்புகிற மேடத்துக்கு, முதுகுக்குப் பின்னால், மைக்ரான். கோடை விடுமுறையில் நாலு வாரப் பயிற்சிக்கு வந்தவளுக்குக் காலேஜ். முதல் வாரம் முழுக்க நின்று நின்று குதிகால் வீங்கிப்போனது. இரண்டாவது வாரம் இரும்புச் சுருள் கிழித்து விரலில் கட்டு. ஆனாலும் ஒரு நாள்கூட அவள் மட்டம் போட்டதில்லை. வரைபடத்தைப் பார்த்ததும் பொருள் கண்முன் எழுந்து நிற்க ஆரம்பித்த அன்று, ஒருவரிடமும் சொல்லாமல் தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதிருக்கிறாள்.

இன்று கடைசி நாள். மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்தோடு போனால்தான் கடைசி வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

அது தெரிந்துதான் ஆபரேட்டர் காலையில் கிசுகிசுத்திருந்தார். "பேசாமக் கழிவுத் தொட்டில கொட்டிருவோம் காலேஜு. நான் வேற நாப்பது ஓட்டித் தர்றேன். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிரும்."

அவள் கேட்கவில்லை. முதல் பின்னைத் தற்செயலாக மறுபடி அளந்து தப்பைக் கண்டுபிடித்ததும் அவள்தான், மெஷினை நிறுத்தச் சொன்னதும் அவள்தான். தட்டைத் தானே தூக்கிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டாள்.

மேடம் இழுப்பறையிலிருந்து மதிப்பீட்டுத் தாளை எடுத்தார். ஒவ்வொரு வரியாக மார்க் போட்டார். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

"மேடம், கையெழுத்து..."

"நான் போட மாட்டேன்."

கெஞ்சிப் பயனில்லை. மேடம் சொன்னால் சொன்னதுதான் என்பது இங்கே வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். "எனக்குத் தகுதி இல்லேன்னா வேண்டாம் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேட்டருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய் மேனேஜரையே கையோடு அழைத்து வந்துவிட்டார்.

"என்னங்க இது?" என்றார் மேனேஜர். "நாப்பது பின்னு போனாப் போகுது. தானா வந்து ஒத்துக்கிட்ட ஆளு. இவங்களோட ஒரு வருஷத்தையே பாழாக்கறதா? கொஞ்சங்கூட ஈவு இரக்கம் வேணாமா?"

மேடம் தாளை நீட்டினார். மேனேஜர் படித்தார். அளவெடுத்தல், பத்துக்கு நாலு. வரைபடம் படித்தல், ஒன்பது. நேர்மை, பத்துக்குப் பத்து. மொத்தத்தில் நல்ல தேர்ச்சி.

அவர் புருவத்தைச் சுருக்கினார். "நியாயமாத்தானே போட்டிருக்கீங்க. அப்புறம் கையெழுத்துப் போட என்ன தடை?"

"அதை நீங்கதான் சார் போடணும்."

"நான் எதுக்கு? நாலு வாரமும் கூடவே இருந்து பார்த்தது நீங்க. அவங்க காலேஜ்ல கேட்டா நான் ஏதாவது காரணம் சொல்லணுமில்ல?"

மேடத்தின் குரல் அன்றைக்கு முதல் தடவையாகக் கம்மியது.

"இவங்களுக்குச் சலுகை காட்டிருவாங்களோன்னு பயந்துதான் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல சார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, நான் வயித்துல இருந்தப்ப, இவங்க பாதியில விட்ட படிப்பு இது. எங்கம்மா பாஸ்னு நானே கையெழுத்துப் போட்டா நல்லா இருக்காது, நீங்க போடுங்க."