தொடாத முறுக்கு

"கல்யாணப் பேச்சுக்கு முன்னால ரெண்டு பேரும் பேசிப் பாருங்க சாமி" என்று இரு வீட்டாரும் திருச்செங்கோட்டுப் பேக்கரிக்கு அனுப்பியிருந்தார்கள். வாயை மூடிய கைக்குட்டையைச் சிவபிரகாஷ் எடுக்கவில்லை. எதிரே தேவிப்ரியாவுக்கோ விளம்பரத்தில் வருவது போன்ற பல் வரிசை. அவள் டீயையும் முறுக்கையும் தொடவே இல்லை.

"என்னையப் புடிக்கலீங்களா?" என்று கேட்டான்.

"நீங்கதானுங்க சிரிக்கவே மாட்டேங்கறீங்க."

கைக்குட்டையை எடுத்துவிட்டான். பற்களில் காவிக் கறை.

"எங்கூரு போர் தண்ணி இப்படிங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எழப்போனான்.

"உக்காருங்க."

திரும்பியவளின் உள்ளங்கையில், பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் வெள்ளை உறை. வாயில் அதே காவி.

"இதப் போட்டுட்டு ஒண்ணும் திங்க முடியாதுங்க. பசியில உசுரு போகுது" என்றவள், முறுக்கை நறுக்கென்று கடித்தாள்.