பாலத்துல குறுக்கே நின்ன வண்டி

கருப்பன் வேணும்னேதான் வண்டியைக் குறுக்கால போட்டான். அதுல சந்தேகமே இல்ல.

போட்டானே, இடம் பார்த்துப் போட்டான்! மலைரோட்டுல ஏழாவது வளைவைத் தாண்டினதும் வர்ற ஒடுக்கமான சின்னப் பாலம். ரெண்டு பக்கமும் சுவர். ஒரு வண்டி குறுக்கே நின்னா இன்னொண்ணு நுழைய வழியே கிடையாது.

வண்டின்னா ஏதோ பெருசுன்னு நினைக்காதீங்க. நாலு முழப் பலகை. அடியில, லாரிப் பட்டறைக் குப்பையில பொறுக்கின பழைய பேரிங் நாலு. அதுதான் சக்கரம். திருப்புறதுக்கு ஒரு கயிறு, பிரேக்குக்கு ஒரு டயர் துண்டு. அவ்வளவுதான்.

அது எண்பத்திரண்டாம் வருஷம். ரோட்டுக்குத் தார் போட்ட புதுசு. ஆறு பலாப்பழத்தைக் கட்டி, முன்னால குந்திக்கிட்டு விட்டா, மலைமேல புதூர்நாட்டுல கிளம்பினவன் அரை மணியில அடிவாரம் வந்துடுவான். காது அடைச்சுக்கும், கண்ணுல தண்ணி கொட்டும், வயிறு தொண்டைக்கு வந்துடும். சறுக்கினா ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஆனா ஒருதடவை விட்டவன் மறுபடி நடந்து இறங்க மாட்டான். அப்படி ஒரு கிறுக்கு!

ரெண்டாவதா வந்த பஞ்சாட்சரம், பிரேக்கை அமுக்கு அமுக்குன்னு அமுக்கி, வண்டியோட உண்ணிச்செடிப் புதர்ல போய் விழுந்தாரு. முட்டி பேந்துபோச்சு.

"இன்னாடா, பைத்தியமா புடிச்சிருக்கு? எட்றா வண்டிய!"

"இரு மாமா. செல்லி வரட்டும்."

"செல்லி வர்றதுக்கு நான் ஏன்டா நிக்கணும்?"

செல்லி, கோவிந்தனோட பொண்டாட்டி. 'இன்னைக்குக் கருப்பனை எட்டிப் புடிக்காம விட மாட்டேன்'னு போன மாசம் வெறியா ஓட்டி வந்த கோவிந்தன், பள்ளத்துல போய்க் காலை ஒடைச்சுக்கிட்டான். வீட்டுல படுக்கை. இன்னைக்கு அவளே வண்டியை எடுத்துட்டா. முதல் தடவை!

அதுக்குள்ள ராஜவேலுவும் வந்து நின்னான்.

"மணி ஏழரைடா! மொதலாளி லாரி எட்டுக்குக் கிளம்பிடும்!"

மொதலாளின்னா அடிவாரத்து வியாபாரி தாண்டவராயன். முதல்ல வர்ற வண்டிக்கு நல்ல விலை, அடுத்தவங்களுக்குப் பாதி. கடைசியா வந்தா, "வேணாம், திருப்பி எடுத்துனு போ"ன்னுடுவாரு. பழுத்த பலாவைச் சுமந்துகிட்டு யாரு மலை ஏறுவாங்க? அங்கயே போட்டுட்டு வரவேண்டியதுதான்.

ரெண்டு வருஷமா அந்த முதல் வண்டி கருப்பனோடது. அப்படிப்பட்டவன் ஒரு பொம்பளைக்காக நடுரோட்டுல நின்னா, பார்க்கிறவங்க இன்னா நினைப்பாங்க?

நினைச்சதை ராஜவேலு சொல்லியே போட்டான். "ஓகோ! புருஷன் கட்டில்ல கெடக்கறான். அய்யா இங்க காவல் காக்கறாரா?"

கருப்பன் வளைவு வரைக்கும் போறான், காதைக் குடுத்துக் கேக்கறான், திரும்பி வர்றான். பீடியைப் பத்த வைக்கிறான், ரெண்டே இழுப்புல தூக்கிப் போடறான். மறுபடி வளைவுக்கு ஓடறான்.

கரகரன்னு ஒரு சத்தம். வந்துட்டா செல்லி. பிரேக் டயர்ல புகை. கயிறு அறுத்து ரெண்டு உள்ளங்கையிலயும் ரத்தம்.

"ஏன் நிக்கிறீங்க? யாருக்கு இன்னா ஆச்சு?"

"உனக்காகத்தான் இந்த மகராசன் நிக்கிறாரு"ன்னான் ராஜவேலு.

செல்லிக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "ஏண்ணா, நான் உன்னைக் கேட்டனா? இந்தப் பழம் போனாத்தான் எங்க வூட்ல இன்னைக்குச் சோறு. அதுக்காக நாலு பேரு நாலு விதமா பேசணுமா? வழிய வுடு!"

"வுடறேன் செல்லி. நீ முன்னால போ. மெதுவா போ. உன்னைத் தாண்டி ஒருத்தனையும் நான் வுட மாட்டேன்."

சொன்ன மாதிரியே செஞ்சான். ராஜவேலு முந்தப் பார்த்தப்பல்லாம் ஓரம் கட்டினான். ராஜவேலு வழி பூரா திட்டிக்கிட்டே வந்தான்.

நாலு வண்டியும் ஒண்ணா அடிவாரம் சேரும்போது மணி எட்டே கால். லாரி நின்னுக்கிட்டுதான் இருந்துது. பழம் இல்லாம லாரி எங்க போகும்? தாண்டவராயன் மட்டும் அதைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டிருந்தாரு.

"எவன்டா மொதல்ல வந்தது? சொல்லித் தொலைங்கடா, சந்தைக்கு நேரமாச்சு!"

பஞ்சாட்சரம் தன் முட்டியைப் பார்த்தாரு. செல்லியோட கையைப் பார்த்தாரு.

"எல்லாரும் ஒண்ணாத்தாங்க வந்தோம். எல்லாருக்கும் ஒரே வெல போடுங்க."

"ஆமாங்க"ன்னு உடனே ஒட்டிக்கிட்டான் ராஜவேலு. வழி பூரா திட்டினவனேதான்!

லாரியைக் காலியா ஓட்டிக்கிட்டுப் போக முடியுமா? "ஏத்துங்க"ன்னு பல்லைக் கடிச்சாரு மொதலாளி. நாலு பேரும் பழத்தை இறக்க ஆரம்பிச்சாங்க. அவருக்கு மனசு ஆறல. நேரா கருப்பன் முன்னால வந்து நின்னாரு.

"ஏன்டா நன்றி கெட்டவனே! நீ முன்னால பறந்தாத்தான் இவனுங்க பின்னால வுழுந்தடிச்சு ஓடி வருவானுங்கன்னு, ஒருத்தனுக்கும் தெரியாம உனக்கு மட்டும் புதுப் பேரிங்கா வாங்கிக் குடுத்தேனே, அது இப்படி ஊர்வலம் வர்றதுக்கா?"

பழம் இறக்கின கையெல்லாம் அப்படியே நின்னுபோச்சு.

செல்லி கையில இருந்த பழத்தைக் கீழே வச்சா. கருப்பன்கிட்ட வந்தா.

"அப்போ... எங்க வூட்டுக்காரு அன்னைக்கு எவ்வளவு வேகமா வந்திருந்தாலும் உன்னைப் புடிச்சிருக்க முடியாதாண்ணா?"

கருப்பன் தலை நிமிரல.

"முடியாது, செல்லி."