ஸ்டமாட்டியா துப்பினாள்

கிரேக்கத் தீவின் சந்தையில் ஹில்லா பாடி முடித்தாள். பின்லாந்திலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்திருந்த வாலிபர் குழுவில் அவள்தான் பாடகி. கிரேக்க மொழியில் இது அவளுடைய முதல் பாட்டு.

ரொட்டிக்கடை ஸ்டமாட்டியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் முகத்துக்கு நேரே, "தூ! தூ! தூ!" என்று துப்பினாள்.

ஹில்லா அழுதபடி படகுத்துறைக்கு ஓடினாள். "இனி வாயே திறக்க மாட்டேன். அடுத்த படகுல ஊருக்குப் போறேன்!"

ஸ்டமாட்டியாவும் விடாமல் பின்னாலேயே ஓடிவந்தாள். அங்கே ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டிருந்த உள்ளூர்ச் சபை இளைஞன் லெஃப்டெரிஸ், "என்னக்கா, பொண்ண அழ வச்சிட்டே?" என்றான்.

"இப்படிப் பாடினா ஊர்க்கண்ணு படாதாடா? அதான் துப்பினேன்!"

அவன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான். ஹில்லா கண்ணைத் துடைத்தாள். "அப்போ... பாட்டு பிடிச்சிருந்துதா?"

"பிடிக்காத பாட்டுக்கு யாரு துப்புவா?" என்றான் லெஃப்டெரிஸ். "சீக்கிரம் வா தங்கச்சி, சந்தையே துப்புறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு!"