விழித்ததும் அசையக் கூடாது

"இன்னிக்கும் முதுகுதான் தெரிஞ்சுது" என்றாள் தீர்த்தம்மாள். "நாளைக்கு மூஞ்சியத் திருப்பிருவாரு."

மாயவன் காறித் துப்பினான். விடிந்தும் விடியாத நேரத்தில் தம்பி பெண்டாட்டியின் வாசலில் நின்று அவள் கண்ட கனவைக் கேட்கவேண்டி வந்துவிட்டதே என்று அவனுக்கு ஆத்திரம். கன்றுக்குட்டியைத் தேடி வந்ததாகத்தான் அன்றும் சொல்லிக்கொண்டான். அவளோ வாசல் தெளித்து, கோலம் போட்டு, மாட்டுக்கும் தீனி வைத்து முடித்திருந்தாள்.

தம்பி குப்புராஜைக் காணாமல் பதினாலு மாதம் ஆகிறது. பங்குக் கிணற்றில் யார் எப்போது மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பது என்று அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டார்கள். மறுநாள் தம்பி இல்லை. கோபித்துக்கொண்டு கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டான், மாரண்டஹள்ளியில் நானே ரயிலேற்றி விட்டேன் என்று மாயவன் சொன்னான். ஊர் நம்பியது. தீர்த்தம்மாள் நம்பினேன் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை.

போன சித்திரையில் ஏதோ மருந்து வாங்கத் தருமபுரிக்குப் போனவள், கூடவே இந்தப் பைத்தியத்தையும் வாங்கி வந்தாள். அங்கே மெஸ்மரிசம் பழகிய கம்பவுண்டர் ஒருவர், கனவை மறக்காமல் வைத்துக்கொள்ள வழி சொன்னாராம். படுக்கும்போது, காண்பது நினைவில் நிற்கட்டும் என்று மூன்று தரம் சொல்லவேண்டும். விழித்ததும் அசையக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. புரண்டால் கனவு சிந்திவிடும். கடைசியாகக் கண்டதைப் பிடித்துக்கொண்டு அப்படியே பின்னோக்கி நடக்கவேண்டும். எழுந்ததும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும்.

இன்னொன்றும் சொன்னாராம். பகலில் அடிக்கடி உள்ளங்கையைப் பார்த்து, இது கனவா நனவா என்று கேட்டுப் பழகினால், கனவிலும் கை தானாக எழும்பும். அங்கே ரேகை நிற்காது, கலங்கும். கலங்கினால் கனவென்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அதற்குள் நினைத்த இடத்துக்குப் போகலாம், நினைத்ததைக் கேட்கலாம்.

களை எடுக்கும்போதெல்லாம் அவள் உள்ளங்கையைப் பார்க்க, காட்டிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். மாயவன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். அவள் கனவைச் சொல்லத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது.

முதலில் வெறும் மண் வாசனை என்றாள். அடுத்த வாரம், புருஷன் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று சொன்னானாம். பிறகொரு நாள் அவன் உடம்பில் ஏதோ உறுத்துகிறதாம். சொல்லும்போதெல்லாம் மாயவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள்.

"உறுத்துறது முள்ளா, கட்டையான்னு வெளங்கல மாமா."

"முள்ளுமில்ல, கல்லுமில்ல. வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்று சீறினான் மாயவன்.

மறுநாள் அவள் கனவில் கல் வந்தது.

பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்லி, அவளைப் பிறந்த வீட்டுக்கு வண்டியேற்றப்போவதாக மிரட்டிப் பார்த்தான். கிணற்றில் அவள் முறையைப் பிடுங்கிக்கொண்டான். அவளுடைய கேழ்வரகு வாடியது. அப்போதும் அவள் கனவை மட்டும் நாள் தவறாமல் சொன்னாள்.

அவனுக்கும் தூக்கத்தில் தம்பி வரத் தொடங்கினான். ஒருநாள் அந்தக் கனவுக்குள்ளேயே அவனும் உள்ளங்கையைப் பார்த்தான். ரேகை கலங்காமல் பளிச்சென்று தெரிந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தவனுக்கு அதன்பிறகு கண் மூடவே பயமாகிவிட்டது.

அதனால்தான் இன்றும் வந்து நிற்கிறான்.

"முதுகு தெரிஞ்சுது. அப்பறம்?" என்றான்.

"கையப் பாத்தேன். ரேகை கலங்கிப் போச்சு. சரி, இது கனாதான்னு தெரிஞ்சுக்கிட்டேன். எங்க இருக்கீங்கன்னு கேக்க வாயத் தொறந்தேன், கோழி கூவிருச்சு." அவள் வாளியை எடுத்துக்கொண்டாள். "நாளைக்குக் கேட்டுருவேன் மாமா."

அன்று பாலக்கோட்டில் சந்தை. உச்சிவெயிலில் ஊரே காலியாகக் கிடந்தது. மாயவன் கடப்பாரையும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு கொள்ளுக்காட்டு வரப்போரம் போனான். உழவுக்கு இடைஞ்சலான கற்களையெல்லாம் குவித்து வைத்த பெரிய குவியல் அங்கே இருந்தது. கையெல்லாம் கிழியக் கிழியக் கற்களை உருட்டித் தள்ளினான். அடியில் தோண்டினான். மண்ணுக்குள்ளிருந்து தம்பியின் வெள்ளி அரைஞாண்கொடி தலை காட்டியது.

சாக்கை விரிக்கக் குனிந்தபோது பின்னால் யாரோ செருமினார்கள். ஊர் மணியக்காரர் கருப்பண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் தலையாரி. மாயவன் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே பின்தொடர்ந்திருக்கிறார்கள். காலையிலேயே போய்ச் சொல்லி அவர்களைக் காவல் நிறுத்திவைத்தவள் வரப்பின்மேல் நின்றிருந்தாள்.

மாயவன் ஓடப் பார்த்தான். தலையாரி அவனுடைய தலைத்துண்டாலேயே கையைப் பின்னால் கட்டினான்.

தீர்த்தம்மாள் இறங்கி வந்து, அந்த அரைஞாண்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செத்தும் என்னைய விடல" என்று பல்லைக் கடித்தான் மாயவன். "கனாவுல வந்து காட்டிக் குடுத்துட்டான், பாவி."

அவள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"நான் தூங்கியே பதினாலு மாசமாச்சு, மாமா."