அவள் பெற்ற பிள்ளை

கோமதி வருடந்தோறும் கல்லூரியில் நடத்தும் ஆங்கில நாவல் அது. சாப்பிட்டுக்கொண்டே அதன் கதையை அம்மாவுக்குச் சொன்னாள். கையில் ஒன்றுமில்லாத ஒருத்தி சிரிப்பையும் பொய்யையும் வைத்தே பெரிய வீடுகளுக்குள் நுழைகிறாள். பெற்ற பிள்ளையை மட்டும் எங்கோ விட்டுவிடுகிறாள்.

"கெட்டிக்காரிதான். பரீட்சைல அவள என்னன்னு எழுதுவாங்க?"

"சுயநலக்காரின்னு."

அம்மா சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள். அந்தச் சிரிப்பை வைத்து, மில் முதலாளியிடம் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று குழைந்துதான் மகளை விடுதிப் பள்ளியில் சேர்த்தாள். பிறகு லீவுக்குக்கூட அழைத்துப்போக வந்ததில்லை. இத்தனை வருடம் கழித்து, முந்தாநாள்தான் ஒரு பையோடு வந்து நின்றாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கோமதி கேட்கவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. பை இன்னும் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது.

"கடைசில அந்தப் பிள்ள அவளச் சேத்துக்கிடுச்சா?"

கோமதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நான் இன்னும் அதுவரைக்கும் படிக்கலம்மா."

அம்மா இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"அவசரமில்லட்டீ," என்றாள். "மெதுவாவே படி."