வாயில்லாப் பூச்சியின் வழக்கு

"வக்கீல் இல்லாம அந்த ரேடியோ முன்னாடி போய் உட்காரப் போறியா? உன் கண்ணாடிக் கடையைப் பேசியே பிடுங்கிக்குவான்!"

காரை நிறுத்தும்போதே அண்ணன் ஆரம்பித்துவிட்டார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டே பழகியவர்.

ரேடியோ என்று அவர் பட்டப்பெயர் வைத்திருப்பது தங்கையின் கணவனுக்கு. விவாகரத்துக்கு இருவருமே சம்மதித்தாயிற்று. இழுபறி கடைக்குத்தான்; அதைத் தீர்க்கத்தான் இன்று சமரச மையத்தில் மத்தியஸ்தர் முன் பேச்சுவார்த்தை. கண் பரிசோதிப்பது, லென்ஸ் தேய்ப்பது எல்லாம் அவள். வாசலில் நின்று வாய்ப்பந்தல் போடுவது அவன்.

"அண்ணா, நான் என்ன நினைக்கிறேன்னா..."

"நீ என்னத்தை நினைக்கிறது? எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார். கோர்ட்டுல நின்னார்னா எதிராளி தண்ணி குடிக்கணும். நீ வாயே திறக்க வேண்டாம், எல்லாத்தையும் அவரே பேசிடுவார்."

"அதனாலதாண்ணா வக்கீல் வேண்டாங்கறேன்."

"மத்தியஸ்தர்னா நடுவுல உட்கார்ந்து தலையாட்டுற ஆளு. யார் பக்கமும் பேச மாட்டார், தெரியுமில்ல?"

"என் பக்கம் நானே பேசிக்கறேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், வாயில்லாப் பூச்சி! சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் சேர்த்து அவர்தானே பேசியிருக்கிறார்? சரி, கூடவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் போயிற்று.

சமரச மையத்தில் வரவேற்புப் பெண் மறித்தாள்.

"சார், நீங்க வெளியில இருங்க. அவங்க ரெண்டு பேர் மட்டும்தான் உள்ளே."

"நான் அவளோட அண்ணன்மா!"

"தெரியும் சார். அந்த நாற்காலியில உட்காருங்க."

கதவு சாத்தப்பட்டது. அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் ரேடியோவின் குரல்தான் கணீரென்று கேட்டது. போச்சு, கடை போச்சு என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்புறம் மத்தியஸ்தரின் குரல்: "அவங்க முடிக்கட்டும் சார். பிறகு நீங்க."

அதற்குப் பின் தங்கையின் குரல் மட்டும்தான். நிதானமாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ரேடியோவின் சத்தத்தையே காணோம்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. ரேடியோ யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று படியிறங்கினான். பின்னால் தங்கை, முகமெல்லாம் சிரிப்பாக.

"கடை எனக்குண்ணா! 'நான் போயிட்டா, வர்றவங்களுக்கு யார் கண் பார்ப்பாங்க?'ன்னு கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'கடையை நடத்தினது நீதான்'னு அவர் வாயாலேயே சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டார்!"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜெயிச்சுட்டியே! யாரோட தங்கச்சி நீ!"

அவள் முகம் கழுவப் போனாள். அடுத்த ஜோடி வந்தது. கூடவே பெண்ணின் அம்மா, பையனின் மாமா, இன்னும் இரண்டு பேர். அத்தனை பேரும் தாராளமாக உள்ளே நுழைந்தார்கள்.

அண்ணன் துள்ளி எழுந்தார்.

"என்னம்மா அநியாயம்! அவங்க பட்டாளமே உள்ளே போகுது. விதியெல்லாம் எனக்கு மட்டும்தானா?"

வரவேற்புப் பெண் தயங்கினாள்.

"விதி எதுவும் இல்ல சார். உங்க தங்கச்சிதான் முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கிட்டாங்க. 'என் வீட்டுக்காரரை நான் சமாளிச்சுக்குவேன். எங்க அண்ணனை மட்டும் எப்படியாவது வெளியில உட்கார வெச்சிடுங்க'ன்னு!"