ஒரு ஓட்டு குறைச்சல்

முதல் அடி ரெக்ஸுடையது.

கொட்டகை வாசலில் உட்கார்ந்து சிங்கிறால் கூண்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த கார்லண்ட் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது காதோரம் இறங்கியது. கூண்டு ஒரு பக்கம் உருள, ஆள் ஒரு பக்கம் சாய்ந்தான்.

ஹெட்லி மூன்றடி தள்ளி நின்றான். அவன் கையில் அரசாங்கத்துக் கடிதம். நடுப்பகல் ஃபெரியில் வந்தது. கெட்டில் துறையின் ஊர்க்குழுத் தலைவன் என்பதால் பள்ளிக்கூட வாசலில் நின்று அதை ஊருக்கு வாசித்தவனும் அவன்தான்.

இருபது ஓட்டு. பதினெட்டுப் பேர் ‘போகிறோம்’ என்று போட்டிருந்தால் அரசாங்கம் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து, எல்லோரையும் ஆஸ்பத்திரியும் சாலையும் உள்ள ஊரில் குடிவைத்திருக்கும். விழுந்தது பதினேழு.

வேண்டாம் என்ற மூன்றில் இரண்டு, ஃபட்ஜ் வீட்டு அக்கா தங்கையுடையவை. செத்தாலும் இங்கேதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டவர்கள். அவர்கள்மேல் யாருக்கும் கோபமில்லை.

மூன்றாவது யார் என்பதுதான் கேள்வி.

“ரகசிய ஓட்டுடா ரெக்ஸ். யாரு எதுக்குப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது” என்றான் ஹெட்லி.

“எனக்குத் தெரியும் தலைவரே. ஊரை விட்டுப் போறவன் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பானா?”

கார்லண்ட் போன மாதம்தான் தன் வீட்டுக்கு மஞ்சள் அடித்திருந்தான். துறைக்குள் நுழையும்போதே பளிச்சென்று தெரியும்.

கார்லண்ட் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தான். “விட்டுட்டுப் போற வீடுதான்டா. அதுக்காக அசிங்கமாவா விட்டுட்டுப் போறது?”

ரெக்ஸ் அவன் வயிற்றில் உதைத்தான்.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாத மூடுபனி. ஹெலிகாப்டர் இரண்டு முறை தலைக்குமேல் சுற்றிவிட்டு இறங்காமல் திரும்பிப் போயிற்று. ரெக்ஸின் மனைவி சமையலறைத் தரையில் கிடந்து, மூச்சுக்குத் தவித்துச் செத்தாள். அவன் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கும் அதே இழுப்பு.

அது தெரிந்ததாலோ என்னவோ, கார்லண்ட் திருப்பி அடிக்கவில்லை. கூட வந்திருந்த ரெக்ஸின் அண்ணன் கோடரியை எடுத்துக்கொண்டு, படகுகள் கட்டியிருந்த மரத்துறையின் ஓரத்துக்குப் போகும்வரை.

தன் படகின் பக்கப் பலகையில் முதல் வெட்டு விழுந்ததும் கார்லண்ட், கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். ரெக்ஸின் அண்ணன் முதுகில் ஒன்று, தோளில் ஒன்று. கோடரி தண்ணீரில் விழுந்தது. ரெக்ஸ் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டி, கார்லண்டைத் துறைப் பலகையில் சாய்த்து, முழங்காலால் அமுக்கினான். துடுப்பு உருண்டு ஹெட்லியின் காலடியில் நின்றது.

அதற்குள் ஊரில் பாதி கூடிவிட்டது. யாரும் விலக்கவில்லை.

கார்லண்டின் கண்கள் ஹெட்லியைத் தேடின. முப்பது வருஷம் ஒரே படகில் போனவர்கள். கார்லண்டின் தங்கை மிர்ட்டிலைத்தான் ஹெட்லி கட்டியிருந்தான்.

“மச்சான், நீயே சொல்லு இவங்ககிட்ட. போறோம்னுதான் போட்டேன். என் தங்கச்சி மேல சத்தியம்.”

ரெக்ஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான். “தலைவரே, இவன் சொல்றத நீங்க நம்புறீங்களா?”

எல்லோரும் ஹெட்லியையே பார்த்தார்கள்.

ஹெட்லி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். குனிந்து துடுப்பை எடுத்தான்.

“இல்ல மச்சான், நான் நெசமாவே...”

துடுப்பு கார்லண்டின் வாயில் விழுந்தது.

பல் உடையும் சத்தம் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. கார்லண்ட் ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஹெட்லி மறுபடியும் அடித்தான். தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. இனி அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது என்று தெரிந்த பிறகும் அடித்தான். கடைசியில் ரெக்ஸே எழுந்து, குறுக்கே விழுந்து, துடுப்பைப் பிடித்தான்.

“போதும் தலைவரே! செத்துருவான்!”

மிர்ட்டில் மாவு அப்பிய கையோடு ஓடிவந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து அண்ணனின் தாடையைச் சேர்த்துக் கட்டினாள். புருஷனை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஃபெரி கிளம்ப இருந்தது. நான்கு பேர் கார்லண்டைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிப்போய் அதில் ஏற்றினார்கள். அவளும் ஏறினாள். மாற்றுச் செருப்புக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபெரி முனையைத் தாண்டி மறைந்தது.

ரெக்ஸ் ஹெட்லியின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதான். “சொந்த மச்சான்னுகூடப் பாக்கலையே நீங்க. அடுத்த தடவையும் நீங்கதான் வீடு வீடாப் போயி எல்லாரையும் சம்மதிக்க வைக்கணும் தலைவரே.”

“போறேன்” என்றான் ஹெட்லி.

ஒவ்வொருவராக வந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஓட்டுப் போட்ட அன்று காலை, பள்ளிக்கூடத்து அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஹெட்லி பென்சிலோடு கொஞ்சம் அதிகநேரம் நின்றுவிட்டான். எதிரே ஜன்னல். வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் திரும்பிக் கடலைப் பார்த்தன.

‘போக மாட்டேன்’ என்றிருந்த கட்டத்தில் குறியைப் போட்டு, தாளை நான்காக மடித்து, அவன் வெளியே வந்தான். வாசலில் கார்லண்ட், தன் முறைக்காக வரிசையில் நின்றிருந்தான்.